பதிவறையில் எலி உள்ளதா?

பிப்ரவரி 11, செவ்வாய்

முப்பத்து மூன்று வருட சர்வீஸில் இப்படி ஒரு அவமானம் எனக்கு நடந்ததில்லை. நேற்று குறைதீர்க்கும் நாளில் மேலக்கரிசலூர் முப்பிடாதி என்கிற பொம்பளை நேரே கலெக்டர் கையில் மனு கொடுத்திருக்கிறாள். "தாலுகா ஆபீஸ் பதிவறை எழுத்தர் நம்பிராஜன் பழைய பதிவேட்டின் நகல் தராமல் அலைக்கழிக்கிறார்." அலைக்கழிக்கிறேனாம்! வந்ததே இரண்டு தடவை. முதல் தடவை கரண்ட் இல்லை. இரண்டாம் தடவை எனக்கு முட்டுவலி. இதற்குப் பெயர் அலைக்கழிப்பா?

இன்று காலை கலெக்டர் ஆபீஸிலிருந்து போன். தாசில்தார் செல்வின் வந்து முழுசாக ஒரு மாதம் ஆகவில்லை, என் மகன் வயதுகூட இருக்காது. எல்லோரும் பார்க்க என்னை நிற்க வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார். டீ கொண்டு வந்த வள்ளிமயில் அப்படியே வாசலில் நின்றுவிட்டது. ஆபீஸ் உதவியாளர் முன்னால் கூட எனக்கு மரியாதை மிஞ்சவில்லை.

விஷயம் இவ்வளவுதான். அவள் புருஷன் வேலாண்டி செத்து ஆறு வருடம். அவள் குடியிருக்கும் மனைக்கு, புருஷனின் அண்ணன் மகன் கொம்பையா தன் பெயரில் கணினிப் பட்டா வாங்கிவிட்டான். மனை எப்போதுமே தன் அப்பன் பெயரில்தான் இருந்தது என்கிறான். இவள் ஆர்.டி.ஓ.விடம் அப்பீல் போட்டிருக்கிறாள். எண்பதுகளில் எழுதின நிலப்பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்கள் பக்கம் தீர்ப்பு. கிராமத்தில் இருந்த பிரதி வெள்ளத்தில் போயிற்று. மிச்சம் இருப்பது எங்கள் பதிவறையில் உள்ள ஒன்றுதான்.

என் தொழில் எனக்குத் தெரியாது என்று எவனும் சொல்லக்கூடாது. மத்தியானம் ஏணி போட்டு ஏறி எடுத்துவிட்டேன். நாலாவது அலமாரி, மேல்தட்டு, தொகுதி ஒன்பது, பக்கம் 61. புல எண் 214/3பி. நாலு சென்ட். இருளப்பன் மகன் வேலாண்டி. பத்தே நிமிடம்.

ஆனால் நாளைக்கே நகலைத் தூக்கிக் கொடுத்தால், கலெக்டரிடம் போனதால்தான் கிடைத்தது என்று அவள் ஊரெல்லாம் சொல்வாள். அப்புறம் ஆளாளுக்குக் கலெக்டரிடம் ஓடுவான்கள். நடக்கட்டும். அலைச்சல் என்றால் என்ன என்று தெரியட்டும்.

திரும்ப ஏணி ஏற முட்டி ஒத்துழைக்கவில்லை. தொகுதியை ஜன்னலுக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 12, புதன்

வந்தாள். "தேடிக்கிட்டு இருக்கோம்" என்றேன்.

மார்ச் 4, செவ்வாய்

முட்டிக்குப் புதுத் தைலம். பிரயோஜனமில்லை.

இந்த ஆபீஸில் ஒழுங்காக வேலை பார்ப்பது இரண்டே பேர். ஒன்று நான். இன்னொன்று டபேதார். கலெக்டருக்கு முன்னால் சிவப்புப் பட்டை போட்டுக்கொண்டு நடப்பாரே, அந்த டபேதார் அல்ல. எங்கள் பதிவறைக் கடுவன் பூனை. வெள்ளை உடம்பில் தோளிலிருந்து மார்புக்குக் குறுக்கே செம்பட்டைக் கோடு ஓடுவதால் வள்ளிமயில் வைத்த பெயர். அவனுக்கு முன்னால் அவன் அம்மா இருந்தாள். அதற்கு முன்னால் வேறொரு பூனை. நான் இந்த அறைக்கு வந்த நாளிலிருந்து இங்கே பூனை இல்லாமல் இருந்ததில்லை. பழைய பதிவேடுகளை மைதாப் பசை போட்டுத்தான் கட்டியிருக்கிறார்கள். எலிக்கு அது பலகாரம். முதலில் முதுகுப் பசை, பிறகு ஓரம், பிறகு எழுத்து என்று வரிசையாகத் தின்னும்.

இன்று காலை என் நாற்காலிக்குப் பக்கத்தில் இரண்டு எலி கிடந்தது. ஆஜர் போடுகிறானாம். பயலுக்கு இருக்கிற பொறுப்பு நில அளவைப் பிரிவில் ஒருத்தனுக்கும் இல்லை.

மார்ச் 19, புதன்

முப்பிடாதி மறுபடியும். இது ஆறாவது தடவையோ ஏழாவதோ. காலையிலேயே முதல் பஸ்ஸில் வந்து வராந்தாவில் உட்கார்ந்துவிடுகிறாள். கேட்பது ஒரே கேள்விதான்.

"ஐயா, எங்க வீட்டுக்காரரு பேரு இருக்கான்னு மட்டும் சொல்லுங்க. தாளு மெதுவாக் கெடைக்கட்டும்."

"பாக்காம எப்படிம்மா சொல்ல முடியும்? ஆயிரக்கணக்கான கட்டு கெடக்கு உள்ள."

"சரிங்கய்யா. வெள்ளிக்கெழம வரட்டா?"

கோபப்பட மாட்டேன் என்கிறாள். அதுதான் எனக்கு எரிச்சல். கலெக்டரிடம் கோள் மூட்டத் தெரிந்தவளுக்கு என்னிடம் ஒரு வார்த்தை சத்தமாகப் பேசத் தெரியாதா?

இதில் டபேதார் வேறு அவள் மடியில் போய்ப் படுத்துக்கொள்கிறான். சோற்றுப் பொட்டலத்திலிருந்து கருவாட்டைக் கிள்ளிப் போடுகிறாள். துரோகி.

ஏப்ரல் 8, செவ்வாய்

மே மாதம் கலெக்டர் ஆய்வு. வினாப்பட்டியல் வந்திருக்கிறது, நூற்றுப் பன்னிரண்டு கேள்வி. பதிவறைக்குப் பதினெட்டு. போன வருடத்துப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அரை மணியில் முடித்தேன். அது அதற்கு முந்தின வருடத்தைப் பார்த்து எழுதினது. வினா எண் 74: பதிவறையில் எலி, கரையான் தொல்லை உள்ளதா? இல்லை. பதினைந்து வருடமாக இல்லை. இனியும் இல்லை. "உள்ளது" என்று எழுதிவிட்டு அதற்கு என்ன நடவடிக்கை எடுத்தீர், எப்போது எடுத்தீர் என்று நாலு பக்கம் விளக்கம் எழுத எனக்கென்ன பைத்தியமா?

ஏப்ரல் 22, செவ்வாய்

இன்னும் ஆறவில்லை. அவ்வளவு கோபம்.

தாசில்தார் பதிவறைக்குள் வந்தார். டபேதார் அப்பீல் கட்டுகளின் மேல் நீட்டிப் படுத்திருந்தான்.

"நம்பிராஜன் சார், இது என்ன?"

"பூனை சார்."

"பூனைன்னு தெரியுது. இங்க என்ன பண்ணுது?"

"எலி பிடிக்குது சார். ட்யூட்டில இருக்கு."

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். செல்வின் சிரிக்கவில்லை. கையிலிருந்த வினாப்பட்டியலைப் புரட்டி என்னிடம் நீட்டினார்.

"எழுபத்து நாலு. நீங்க எழுதினதுதானே? வாசிங்க."

வாசித்தேன்.

"பதில் என்ன?"

"இல்லை, சார்."

"இல்லாத எலிக்கு எதுக்கு சார் பூனை? ஆய்வுக்கு வர்றவங்க மேல பாஞ்சா யார் பதில் சொல்றது?"

எலி இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பொய்த் தகவல் தந்தவன் ஆவேன், அதுவும் என் கையெழுத்தைப் போட்டு. வாயை மூடிக்கொண்டு நின்றேன். படித்த திமிர். எழுதினதைப் பிடித்துக்கொண்டு ஆளை மடக்குகிற திமிர்.

ஏப்ரல் 24, வியாழன்

உத்தரவு வந்துவிட்டது. கோப்பு எண் போட்டு, பொருள் போட்டு: "அலுவலக வளாகத்திலிருந்து பூனையை அப்புறப்படுத்துதல் தொடர்பாக." எத்தனையோ வருடமாக இங்கே பூனை இருக்கிறது என்று ஒரு காகிதம் கிடையாது. முதல் காகிதமே வெளியே தள்ளுகிற காகிதம்.

ஜீப் டிரைவர் சாக்கைக் கொண்டு வந்தார். அவன் ஓடவில்லை. கருவாடு என்று நினைத்துச் சாக்குக்குள் தானாகவே தலையை விட்டான். ஆற்றுக்கு அந்தப் பக்கம், மீன் சந்தையில் விட்டுவிட்டார்களாம்.

"டபேதாரு பாவம் சார்," என்று வள்ளிமயில் கண்ணைத் துடைத்தது. "ஒரு ரிலீவிங் ஆர்டர் கூடக் குடுக்கலியே, பாத்தியளா?"

"போய் வேலையப் பாரு," என்று கத்தினேன். அதனிடம் கத்தி என்ன செய்ய.

ஏப்ரல் 25, வெள்ளி

நாற்காலிக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை.

மே 6, செவ்வாய்

கூரைக்கும் அலமாரிக்கும் நடுவே பட்டப்பகலில் எலிகள் ஓடுகின்றன. இன்று என் சாப்பாட்டுப் பையை ஓட்டை போட்டுவிட்டன. பொறி வேண்டும் என்று வாயால் கேட்டேன். "எழுதிக் குடுங்க சார்" என்கிறார் செல்வின். எப்படி எழுதிக் கொடுப்பது? என்னை மறுபடியும் மடக்கப் பார்க்கிறார். வீட்டிலிருந்து ஒரு பொறி கொண்டு வந்து வைத்தேன். அதில் விழுந்தது என் விரல்தான்.

மே 15, வியாழன்

ஆய்வு முடிந்தது. கலெக்டர் பதிவறைக்குள் இரண்டு நிமிடம் நின்றார். "சுத்தமா இருக்கு" என்றார். செல்வின் முகத்தில் ஒளிவட்டம். அந்த நேரம் பார்த்து ஒரு எலியாவது குறுக்கே ஓடியிருக்கக் கூடாதா? அவையும் அதிகாரிக்குப் பயந்தவை.

முப்பிடாதி வராந்தாவில் இருந்தாள். கலெக்டர் போகிற வழிதான். எழுந்து கும்பிட்டாள், ஒன்றும் சொல்லவில்லை. பிறகு என்னிடம் வந்து, "பூனையக் காணலியே ஐயா?" என்றாள். அப்புறப்படுத்தியாயிற்று என்றேன். "எங்க?" என்றாள். மீன் சந்தை என்றேன். தாளைப் பற்றிக் கேட்கவே இல்லை.

ஜூன் 3, செவ்வாய்

ஜூன் பத்தொன்பது, வியாழக்கிழமை ஆர்.டி.ஓ. விசாரணையாம். நோட்டீஸைக் கொண்டு வந்து காட்டினாள். "அன்னைக்குத் தாளு இல்லன்னா கொம்பையா வீட்டப் பூட்டிருவான் ஐயா. சாமானெல்லாம் இப்பமே வெளிய எடுத்து வைக்கச் சொல்லுதான்."

சரி, போதும், அலைந்தது போதும் என்று எனக்கே தோன்றிவிட்டது. மத்தியானம் வரச் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

ஜன்னலுக்குக் கீழே தொகுதி ஒன்பது இருந்தது. அட்டை இருந்தது. முதுகு இல்லை. தூக்கினேன். நாற்பதாம் பக்கத்துக்குப் பிறகு தூள்தான் கொட்டியது. நடுவில் ஒரு குழி. அதற்குள் ரோஜா நிறத்தில் ஐந்து குட்டி, கண் திறக்காதவை.

அவளிடம், "இன்னும் கெடைக்கலம்மா" என்றேன்.

ஜூன் 4, புதன்

செல்வினின் திமிரால்தான் இது நடந்தது. பூனையைத் துரத்தினது யார்? உத்தரவில் கையெழுத்துப் போட்டது யார்? காலையிலேயே அறிக்கை எழுதி மேஜையில் வைத்தேன். "தங்கள் உத்தரவின்படி பூனை அப்புறப்படுத்தப்பட்டதன் விளைவாக நிரந்தரப் பதிவேடு ஒன்று எலியால் அழிந்துள்ளது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்." பணிவுடன்! எழுதும்போது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா?

ஜூன் 10, செவ்வாய்

மெமோ கொடுத்துவிட்டார். பக்கம் பக்கமாக இல்லை, மூன்றே கேள்வி. நாலாவது அலமாரி இரும்பு. மேல்தட்டில் உள்ள மற்ற எட்டுத் தொகுதிகளில் ஒரு கீறல் இல்லை. ஒன்பதாவது மட்டும் தரைக்கு ஏன் வந்தது? எப்போது வந்தது? யார் எடுத்தது?

விளக்கம் திருப்தியாக இல்லை என்றால் 17(பி), அதாவது ஒழுங்கு நடவடிக்கை. வருகிற ஜனவரியில் எனக்கு ஓய்வு. 17(பி) நிலுவையில் இருந்தால் ஓய்வுபெறவே விடமாட்டார்கள், சஸ்பென்ஷனில் வீட்டுக்கு அனுப்புவார்கள். வீட்டுக்காரி சொர்ணத்திடம் சொல்லவில்லை. சாப்பிடவில்லை என்று திட்டினாள். தட்டைத் தள்ளினேன். அவள் என்ன செய்தாள் பாவம்.

ஜூன் 12, வியாழன்

பதில் தயார். "ஆய்வையொட்டித் தூசி தட்டும்போது மேற்படி தொகுதி தவறுதலாகக் கீழே இறக்கி வைக்கப்பட்டது." இறக்கி வைக்கப்பட்டது. யார் இறக்கியது என்று வாக்கியத்தில் எங்கேயும் கிடையாது. இந்த மாதிரி வாக்கியம் எழுதத்தான் முப்பத்து மூன்று வருடம் சம்பளம் வாங்கியிருக்கிறேன்.

மெமோவை வெல்லலாம். இதோடு விட்டது.

ஜூன் 16, திங்கள்

காலையில் முப்பிடாதி ஒரு பிளாஸ்டிக் வயர் கூடையோடு வந்தாள். மேலே துண்டு கட்டியிருந்தது. என் மேஜைக்கு முன்னால் வைத்து அவிழ்த்தாள். டபேதார்! பாதியாக இளைத்திருந்தான். ஒரு காதில் கிழிசல், பின்னங்கால் நொண்டல், மார்புப் பட்டை மட்டும் அப்படியே.

"மூணு வாட்டி சந்தைக்குப் போயித் தேடுனேன் ஐயா. ஐஸ் பொட்டிக்கு அடியில கெடந்தான். உங்க ஆபீஸுப் பிள்ள, அங்க என்னத்துக்குக் கெடக்கணும்?"

வள்ளிமயில் ஓடி வந்து தூக்கிக்கொண்டது. பிறகு சொன்னேன். பதிவேட்டை எலி தின்றுவிட்டது, அவள் மனை இருந்த பக்கமும் போய்விட்டது என்று சொன்னேன்.

அவள் கூடையைக் கையில் எடுத்தாள்.

"அந்தப் பக்கத்துல எங்க வீட்டுக்காரரு பேரு இருந்துச்சா ஐயா? நீங்க ஒரு தடவையாச்சும் பாத்தியளா?"

"இல்லை," என்றேன்.

எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை. யோசிக்கவே இல்லை. வினாப்பட்டியலில் எழுதுகிற மாதிரி வந்தது.

"நீங்க என்ன செய்விய ஐயா," என்று சொல்லிவிட்டு, துண்டை மடித்துக் கூடையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜூன் 17, செவ்வாய்

என் மேல் எனக்கு இவ்வளவு வெறுப்பு வரும் என்று நினைத்ததில்லை. காலையில் இந்த நோட்டைப் பிப்ரவரியிலிருந்து வாசித்தேன். எல்லோரையும் திட்டியிருக்கிறேன். செல்வினை, சர்வேக்காரர்களை, முப்பிடாதியை, முட்டியை. பூனை வெளியே போனது செல்வினின் உத்தரவால் அல்ல, என் "இல்லை"யால். தொகுதி தரைக்கு வந்தது தூசியால் அல்ல, என் வீம்பால். இரண்டையும் நானே தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

அரை நாள் லீவு போட்டுவிட்டு மேலக்கரிசலூருக்குப் பஸ் ஏறினேன். அவள் வீட்டு வாசலில் பாதிச் சாமான் வெளியே கிடந்தது. பானை, கட்டில், ஒரு தையல் மெஷின். நின்றபடியே சொன்னேன். பேர் இருந்தது. இருளப்பன் மகன் வேலாண்டி, நாலு சென்ட். நான் பார்த்தேன், பிப்ரவரியிலேயே பார்த்தேன்.

நாலு மாதமாகச் சத்தம் போடாதவள் போட்டாள். தெருவே திரும்பிப் பார்த்தது.

"பாத்துக்கிட்டா இருந்திய? நாலு மாசமும்? நான் காலைல கஞ்சி குடிக்காம பஸ்ஸு ஏறி வந்து உக்காந்திருக்கேன், உள்ள வச்சுக்கிட்டுத் தேடுதேன் தேடுதேன்னு சொல்லுதிய! நான் என்ன செஞ்சேன் உங்களுக்கு? ஒரு மனு குடுத்தேன். அது குத்தமா?"

"குத்தம் இல்லம்மா."

"அந்தப் பூனைய நான் தேடிக் கொண்டாந்து குடுத்திருக்கக் கூடாது. உங்களுக்கு எலிதான் சரி." மூச்சு வாங்கியது அவளுக்கு. "எங்கிட்ட எதுக்கு வந்து சொல்லுதிய? நான் என்ன ஆர்.டி.ஓ.வா? அங்க வந்து சொல்லுங்க. கொம்பையா நிக்கும்போது சொல்லுங்க."

தண்ணீர்கூடக் கேட்காமல் திரும்பினேன். கேட்கிற முகமில்லை.

ஜூன் 18, புதன்

நாளை பத்தரைக்கு விசாரணை.

தூசி தட்டின பதிலைக் கிழித்துப் போட்டேன். சொர்ணத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுதாள், பிறகு திட்டினாள், பிறகு யோசனை சொன்னாள். பிப்ரவரி 11 அன்று புல எண் எழுதியிருக்கிற அந்த நாலு வரியை மட்டும் நகல் எடுத்துக் கொடுங்களேன், மற்றதெல்லாம் எதற்கு, ஜனவரி வரை ஓட்டிவிடலாமே என்றாள்.

ஓட்ட முடியாது. தனித்தாளை நம்பாதே என்பதுதான் என் தொழிலில் முதல் பாடம். எத்தனை பேர் ஒற்றைத் தாளோடு வந்து கெஞ்சியிருக்கிறார்கள், எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். முன்பக்கமும் பின்பக்கமும் சேர்த்துக் கட்டியிருந்தால்தான் நடுப்பக்கம் நிற்கும். இது நேற்று இரண்டு பேரும் கூடிப் பேசி எழுதினதில்லை, அன்றைக்கே எழுதினது என்று கொம்பையாவின் வக்கீல் நம்ப வேண்டுமானால், முழு நோட்டும் வேண்டும். தைலமும் வேண்டும், எலிக்குட்டிகளும் வேண்டும், "நடக்கட்டும்" என்று நான் எழுதினதும் வேண்டும். வேலாண்டியின் பெயருக்கு நேர் கீழே அதுதான் இருக்கிறது, ஒரே மை.

இந்த நோட்டு போதுமா என்று தெரியவில்லை. பதிவேட்டுக்கு இது ஈடாகாது. ஆனால் பதிவேட்டைக் கடைசியாகக் கண்ணால் பார்த்தவன் நான்தான், பார்த்த அன்றே எழுதினவனும் நான்தான். அவளுக்கு வேறு சாட்சி கிடையாது.

இன்று சாயங்காலம் செல்வினிடம் போய் நாளைக்கு எங்கே போகிறேன் என்று சொன்னேன். நோட்டைக் காட்டினேன். அவரைப் பற்றி எழுதினதையும் நின்று வாசித்தார். முகம் சிவந்தது. "திமிர்னு மூணு எடத்துல எழுதிருக்கீங்க," என்றார். ஆமாம் சார் என்றேன். "17(பி) நான் போடத்தான் செய்வேன்." போடுங்கள் என்றேன். நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். என்னை அனுப்பிவிட்டு வள்ளிமயிலைக் கூப்பிட்டு, பூனையை உள்ளே விடச் சொன்னாராம். அதற்கு உத்தரவு ஒன்றும் போடவில்லை.

ஆர்.டி.ஓ. ஐயா அவர்களுக்கு. இனிமேல் இந்த நோட்டு உங்களிடம் இருக்கும். தொகுதி ஒன்பது, பக்கம் 61-ஐ நான் பார்த்தேன். மனை வேலாண்டியுடையது. நகல் கேட்டு அவர் மனைவி நடையாய் நடந்தார், நான் கொடுக்கவில்லை. கிடைக்காததால் அல்ல, கோபத்தால். இதை யாரும் என்னை மிரட்டி எழுத வைக்கவில்லை.

இன்னொன்று. வினா எண் 74-க்கு நான் எழுதின பதிலைத் திருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

உள்ளது.